கத்தி முதல் கவ்வாத்துக் கத்தி வரை: வீட்டிலேயே தீட்டும் முறை, படிப்படியாக

"தீட்டித் தீட்டிக் கல்லுதான் தேயுது தம்பி, கத்தி வெட்டுதில்லையே" என்று எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து (வரிசை வீடுகளின்) அக்கா ஒருவர் சொன்னார். கல்லையும் பார்த்தேன், கத்தியையும் பார்த்தேன். இரண்டிலும் குறை இல்லை. அவர் தீட்டுவதைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியின் முதுகு ஒவ்வொரு உயரத்தில் நின்றது. ஒரு பக்கம் வேலை முடிவதற்குள் மறுபக்கம் திருப்பிவிட்டார்.

எல்லோரும் தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பலருக்குத் தீட்டக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இரண்டு இடங்களில்தான். அதனால் அவற்றை விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

சமையல் கத்திக்கு இரண்டு பக்கக் கல் ஒன்று வேண்டும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மென்மை. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாம்பல் நிறக் கார்போரண்டம் கல் தொடங்குவதற்குப் போதும். சமையல் கத்தி நன்றாக வெட்ட வேண்டும் என்றால் 1000 இலக்கக் கல் ஒன்றையும் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் (இலக்கம் கூடக்கூடக் கல் மென்மை). 6000, 8000 என்று மேலே போவது வீட்டுச் சமையலுக்குத் தேவையில்லை.

மண்வெட்டி, மன்னாக்கத்தி (விறகு கொத்தும் பெரிய கத்தி), கோடரிக்குத் தட்டை அரம் ஒன்று. அரத்தின் வாலில் மரப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். பிடி இல்லாத அரம் எங்காவது தடுக்கி நின்றால், அந்தக் கூரான வால் நேராக உள்ளங்கைக்குள் ஏறும்.

இவற்றோடு ஈரத்துணி ஒன்று, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், கறுப்பு மார்க்கர் பேனை, பழைய தோல் பெல்ட் அல்லது செய்தித்தாள், ஒரு டோர்ச். டோர்ச் எதற்கு என்று கேட்பார்கள். நம் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பகல் பத்து மணிக்கும் கத்தி வாய் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைத் தீட்ட முடியாது.

2. கத்தியைக் கழுவி, அதன் வாயைப் பாருங்கள்

முதலில் கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். பலாக்காய்ப் பால் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள். பிசினோடு தீட்டினால் அது கல்லின் கண்களை அடைத்துவிடும். அதன்பிறகு கல் வழுக்கும், வெட்டாது.

பிறகு கத்தி வாயை மேலே பார்க்கத் திருப்பி, டோர்ச் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, அங்கே எதுவுமே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். பல் விழுந்த இடம் புள்ளியாக மின்னும்.

எந்தப் பக்கக் கல்லில் தொடங்குவது என்பதை இந்தப் பார்வைதான் முடிவு செய்யும். கோடு மெல்லியதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் மென்பக்கம் போதும். அடியிலிருந்து நுனி வரை மின்னினாலோ, பல் விழுந்திருந்தாலோ கரட்டுப் பக்கத்தில் தொடங்க வேண்டும். எல்லாக் கத்தியையும் கரட்டுப் பக்கத்தில் போடுகிறவர்கள் வீணாக இரும்பைத் தேய்க்கிறார்கள். எல்லாவற்றையும் மென்பக்கத்திலேயே போடுகிறவர்கள் ஒரு மணித்தியாலம் தேய்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள்.

3. கோணத்தைக் கண்ணால் அல்ல, அளந்து பிடியுங்கள்

கோணமானியோ விலை கொடுத்து வாங்கும் கருவியோ இதற்குத் தேவையில்லை. கத்தியின் அகலத்தை, அதாவது வாயிலிருந்து முதுகு வரை உள்ள தூரத்தை அளந்து கொள்ளுங்கள். முதுகைக் கல்லிலிருந்து அந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் கோணம் ஏறக்குறைய 20 பாகை. நாலில் ஒரு பங்கு உயர்த்தினால் 15 பாகைக்குச் சற்றுக் குறைவு. பாதி உயர்த்தினால் சரியாக 30 பாகை.

உதாரணமாக, கத்தி 4.5 சென்டிமீற்றர் அகலம் என்றால் முதுகு 1.5 சென்டிமீற்றர் உயர வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, முதல் சில நாட்கள் ஒவ்வொரு தடவையும் முதுகுக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். கை தானாகப் பழகிக்கொள்ளும்.

மரத்துண்டும் இல்லையென்றால் தாள் ஒன்றின் மூலையை எடுங்கள். அது 90 பாகை. ஒரு தடவை மடித்தால் 45, இன்னொரு தடவை மடித்தால் 22.5. அதைக் கல்லோரம் நிறுத்திக் கத்தியை அதற்குச் சாய்த்துப் பார்க்கலாம்.

மரக்கறி அரியும் கத்திக்கு 20 பாகை சரி. மெல்லிய கத்தி, மென்மையான வேலை என்றால் 15 வரை இறங்கலாம். எலும்பு கொத்தும் கத்தி, மன்னாக்கத்தியின் கொத்தும் பக்கம், கோடரிக்கு 25 முதல் 30. மண்வெட்டிக்கு 30க்குக் கீழே போகவே வேண்டாம். கோணம் சிறுத்தால் கூர் ஏறும், ஆனால் வாய் மெலிந்துவிடும். மெலிந்த வாய் கல்லில் பட்டால் மடியும். கருவி எதில் மோதப் போகிறதோ, அதை வைத்தே கோணம்.

4. கல்லை ஆயத்தம் செய்தல்

கல்லை ஈரத்துணியின் மேல் வையுங்கள், நகராது. நகர்கிற கல்லில் தீட்டுவது விரலை வெட்டிக்கொள்ளும் நேர்வழி.

தண்ணீர்க் கல் என்றால் குமிழி வருவது நிற்கும் வரை ஊறவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கார்போரண்டம் கல்லுக்குத் தண்ணீரோடு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் நன்றாக ஓடும். தேய்த்த இரும்புத் தூளை மிதக்கவைத்து வெளியே கொண்டுவருவதுதான் தண்ணீரின் வேலை. அதனால் கல் காயக் காயத் தெளித்துக்கொண்டே இருங்கள்.

கல்லில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறைந்துவிடும். நுவரெலியா, ஹட்டன் காலைக் குளிரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டி கல்லின் கண்களுக்குள்ளும் பிடிக்கும். ஏற்கனவே எண்ணெய் குடித்த கல்லிடம் தண்ணீர் ஒட்டாது. அப்படிப்பட்ட கல்லை மண்ணெண்ணெய் விட்டு தூரிகையால் தேய்த்துக் கழுவி, பிறகும் மண்ணெண்ணெயிலேயே பாவியுங்கள், மண்வெட்டி வேலைக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் கோணம் நிற்காது. சமமான சீமெந்துத் தரையில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டு, கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் சமமாகும். முதலில் கல்லின் மேல் பென்சிலால் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். கோடு எல்லாம் அழிந்தால் கல் சமம்.

5. கரட்டுப் பக்கம்: பிசிறு வரும் வரை

முழு வேலையிலும் முக்கியமான படி இது. இதை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் பிறகு செய்வது எதுவும் உதவாது.

கத்தி வாயின் இரு பக்கமும் மார்க்கரால் கறுப்புப் பூசுங்கள். அளந்த கோணத்தில் வைத்து நாலைந்து தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு, வாயின் ஓரம் வரை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்து ஓரத்தில் கறுப்பு நின்றால், முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். ஓரம் மட்டும் அழிந்தால் நீங்கள் அதிகமாக உயர்த்திவிட்டீர்கள்.

கோணம் சரியானதும் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். வலது கை பிடியில். இடது கையின் இரண்டு விரல்கள் கத்தி வாய்க்குச் சற்று மேலே, கல் படுகிற இடத்துக்கு நேராக. அழுத்தம் அந்த விரல்களிலிருந்து வரவேண்டும், ஏனென்றால் கல் வெட்டுவது விரல் அழுத்தும் இடத்தில்தான். முன்னும் பின்னுமாகத் தேய்த்து, அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக நகருங்கள். நுனியில் வளைவு வரும் இடத்தில் முழங்கையைக் கொஞ்சம் தூக்குங்கள். தூக்காவிட்டால் நுனி எப்போதும் மழுங்கியே இருக்கும். புதியவர்களின் கத்தியில் அடிப்பக்கம் தக்காளியை வெட்டும், நுனி நசுக்கும். காரணம் இதுதான்.

எப்போது நிறுத்துவது? 20 தடவை, 30 தடவை என்று எண்ணிக்கை சொல்வது எனக்குப் பிடிக்காது. இரும்புக்கு இரும்பு மாறும். கத்தியே சொல்லும். ஒரு பக்கத்தை வாயின் ஓரம் முழுவதும் தேய்த்து முடித்தால், மறுபக்கம் மெல்லிய பிசிறு ஒன்று எழும். தேய்க்காத பக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, வெளியே போகும்படி மெதுவாக இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக ஒன்று தடுக்கும். வாயின் நீளத்துக்கு விரலை ஒருபோதும் ஓட்டாதீர்கள், வெட்டும். விரலால் தெரியவில்லை என்றால் பருத்தித் துணியால் அதேபோல் இழுங்கள், பிசிறில் நூல் மாட்டும்.

அடியிலிருந்து நுனி வரை பிசிறு வந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலம் விட்டுப்போனால் அந்த இரண்டு அங்குலத்தைத் தேயுங்கள். முழுவதும் வந்தபிறகுதான் திருப்ப வேண்டும். பிசிறு என்பது இரண்டு சரிவும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்பதற்கான அடையாளம். அது வராமல் திருப்பினால் நடுவில் மழுங்கல் அப்படியே மிச்சம் இருக்கும். அந்த அக்காவின் கத்திக்கு நடந்தது அதுதான்.

திருப்பி, மறுபக்கத்தையும் அதேபோல் செய்து, பிசிறு இந்தப் பக்கம் வரும்வரை தேயுங்கள்.

6. மென்பக்கம், பிறகு பிசிறை எடுத்தல்

கல்லையும் கத்தியையும் கழுவிவிட்டு மென்பக்கத்துக்கு வாருங்கள். கழுவாவிட்டால் கரட்டுத் தூள் மென்பக்கத்தில் கீறல் போடும். அதே கோணம், ஆனால் பாதி அழுத்தம். இங்கேயும் ஒரு பக்கம் முடித்து, பிசிறு தெரிந்தபிறகு மறுபக்கம்.

அப்புறம் அழுத்தத்தை இன்னும் குறைத்து, கத்தியின் பாரம் மட்டும் படும்படி, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. பிசிறு சிறிதாகிக் கொண்டே வரும். இந்த இடத்தில் அழுத்தினால் ஒரு பக்கம் எடுத்த பிசிறு மறுபக்கம் புதிதாக எழும், வேலை முடியவே முடியாது.

கடைசியாகப் பெல்ட்டின் உட்புறத்தையோ, பலகையில் நாலாக மடித்துச் சுற்றிய செய்தித்தாளையோ எடுத்து, கத்தியை முதுகுப் பக்கமாக மட்டும் இழுங்கள். வாயை முன்னால் தள்ளினால் தோலை வெட்டும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு.

பிசிறோடு விட்ட கத்தி முதல் நாள் பிரமாதமாக வெட்டும், இரண்டாம் நாள் மழுங்கும். அந்த மெல்லிய பிசிறு மடிந்து வாயை மூடிவிடுவதுதான் காரணம். "கல்லு சரியில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இது.

சோதிக்கச் செய்தித்தாள் போதும். என் கணக்கில் வல்லாரைதான் சரியான சோதனை. சம்பலுக்கு மெல்லியதாக அரியும்போது இலை கசங்காமல் விழ வேண்டும். பலகை பச்சையாகிச் சாறு தேங்கினால் கத்தி அரியவில்லை, நசுக்குகிறது. வெங்காயம் வெட்டும்போது கண் அதிகமாக எரிவதும் நசுங்குவதால்தான்.

வாரம் முழுவதும் கல்லை எடுக்க வேண்டியதில்லை. பெல்ட்டில் இழுத்தாலே கொஞ்ச நாள் தாங்கும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வட்டத்தில் நாலு இழுப்பு இழுக்கலாம். வெட்டிய மரக்கறியைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கத்தியின் முதுகால் வழியுங்கள். பீங்கான் தட்டில், சீமெந்துத் திண்ணையில் வைத்து வெட்டாதீர்கள்.

7. அரம் பிடிக்கும் கருவிகள்: மன்னாக்கத்தி, மண்வெட்டி, கோடரி

முதலில் கருவியை அசையாமல் கட்டுங்கள். வைஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மண்வெட்டியைக் கவிழ்த்து, பிடியை முழங்காலின் கீழ் அழுத்தி, தகட்டைப் படிக்கட்டு ஓரத்தில் சாய்த்து வைக்கலாம். கருவியை ஒரு கையிலும் அரத்தை மறுகையிலும் பிடித்துத் தேய்த்துத்தான் அதிகம் பேர் கையை வெட்டிக்கொள்கிறார்கள்.

அரத்தின் பற்கள் முன்னால் தள்ளும்போது மட்டும் வெட்டும். தள்ளுங்கள், தூக்குங்கள், திரும்பக் கொண்டுவாருங்கள். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். கத்தியைக் கல்லில் முன்னும் பின்னும் தேய்த்துப் பழகியவர்கள் இந்தத் தவறை உடனே செய்வார்கள். அரத்துக்கு எண்ணெயும் தண்ணீரும் வேண்டாம். சோக்கைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் தூள் பற்களில் அடைக்காது.

அரம் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த இடம் அரத்தைவிடக் கடினம். அங்கே கல்லைப் பாவியுங்கள், அரத்தைப் போட்டு அழுத்தாதீர்கள்.

மண்வெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு. ஏற்கனவே எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அந்தப் பக்கம்தான். மறுபக்கம் எழும் பிசிறை அரத்தைத் தட்டையாக வைத்து ஒரு தடவை வழித்தால் முடிந்தது. சரளைக் கல் நிறைந்த மண்ணில் ஷேவ் செய்யும் கூர் பத்து நிமிடம் நிற்காது. ஆனால் லீக்ஸ், கரட் பாத்தி கொத்துகிறவருக்குக் கூரான மண்வெட்டியும் மழுங்கிய மண்வெட்டியும் ஒரே சுமை அல்ல. மாலையில் இடுப்புக்குத் தெரியும்.

மன்னாக்கத்தியின் அடிப்பக்கத்தை 20 பாகைக்குத் தீட்டி, கொத்தும் நுனிப்பக்கத்தை 30 ஆக விடுகிறேன். அடியில் பிடித்துச் சீவுவோம், நுனிப்பக்கத்தால் விறகைக் கொத்துவோம். இரண்டுக்கும் ஒரே வாய் பொருந்தாது. லொறியின் பழைய வில்லுத்தகட்டில் கொல்லன் அடித்த கத்தி என்றால் கூர் நீண்ட நாள் தாங்கும், தீட்டவும் நேரம் எடுக்கும்.

கோடரியில் வாயை மட்டும் தேய்த்துக்கொண்டே போனால் சில வருடங்களில் அது தடித்த ஆப்பாகிவிடும், விறகில் இறங்காது. வாய்க்குப் பின்னால் உள்ள கன்னத்தையும் அரத்தால் கொஞ்சம் மெலிய வையுங்கள். முடிவில் சிறு கல்லை வட்டமாகத் தேயுங்கள்.

8. கவ்வாத்துக் கத்தி

தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும், அதாவது கிளைகளைக் கத்தரித்துவிடும் கத்தி இது. வளைந்த கத்தி என்பதால் கத்தியைக் கல்லில் இழுக்க முடியாது. கத்தியை அசையாமல் பிடித்து, கல்லை நகர்த்த வேண்டும். ஓரம் உருண்ட, கைக்கடக்கமான கல் தேவை. தட்டையான பெரிய கல் வளைவின் உள்ளே இறங்காமல் இரு முனைகளில் மட்டும் உரசும்.

தீட்டுவதற்கு முன் சரிவு ஒரு பக்கமா, இரு பக்கமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் தட்டையான பக்கத்தில் கல்லைச் சாய்க்கவே கூடாது. அந்தப் பக்கம் பிசிறை மட்டும் தட்டையாக வழித்துவிடுங்கள். தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்தவர்களின் கத்தி வெட்டும்போது கிளையிலிருந்து விலகி ஓடும்.

இந்தக் கத்திக்கு மட்டும் நான் சமையல் கத்திக்கு நிகரான கூரை எதிர்பார்க்கிறேன். தேயிலைக் கிளையை ஒரே இழுப்பில் சாய்வாக வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் வெட்டில் தேங்கக் கூடாது. மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும், தோலைக் கிழிக்கும். அந்தப் பிளவுக்குள் ஈரம் நின்று பூஞ்சை பிடித்து மரம் உள்ளே உக்கிப்போகும். கவ்வாத்து சில வருடங்களுக்கு ஒரு தடவைதான் வருகிறது. அன்று செய்த கிழிசலைச் செடி அடுத்த கவ்வாத்து வரைக்கும் சுமக்க வேண்டும். அதனால் கல்லைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, வெட்டு சுத்தமாக விழாத அந்த நிமிடமே நின்று தீட்டுங்கள். நிரை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

9. மின் கிரைண்டர் பற்றி

பெரிய பல் விழுந்த மண்வெட்டியைத் தவிர வேறு எதற்கும் நான் கிரைண்டரை எடுப்பதில்லை. ஒரு தடவை நல்ல மன்னாக்கத்தி ஒன்றைக் கிரைண்டரில் வைத்து, வாயோரம் நீலமாகும்வரை தேய்த்துவிட்டேன். அதன்பிறகு எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் இரண்டு வெட்டில் மடிந்தது.

சூடேறும் இரும்பு 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சளாகும், 300 அளவில் நீலமாகும். நீலம் கண்டால் பதம், அதாவது இரும்பின் கடினம், போய்விட்டது. தண்ணீரில் போட்டாலும் திரும்பாது. அந்தப் பகுதியைத் தேய்த்து எடுப்பது, அல்லது கொல்லன் பட்டறையில் மறுபடி பதம் வைப்பது தவிர வழியில்லை.

பாவிக்கத்தான் வேண்டும் என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் வாயின் அருகே விரலை வைத்திருங்கள். விரல் சூட்டை உணர்ந்ததும் கத்தி தண்ணீருக்குள் போக வேண்டும்.

10. துரு வராமல் வைப்பது

தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஒரே இரவில் துரு பூக்கும். பதுளை, பசறைப் பக்கத்தவர்களுக்கு அந்தக் கவலை வடகீழ் மழையோடு டிசம்பரில் வரும். துரு முதலில் தின்பது மெல்லிய இடத்தை, அதாவது நீங்கள் தீட்டிய அந்த வாயை.

லேசான துருவுக்கு அடுப்புச் சாம்பலும் பாதித் தேசிக்காயும் போதும். தேய்த்தவுடன் நன்றாகக் கழுவித் துடையுங்கள், புளிப்பு மிச்சம் இருந்தால் அதுவே அடுத்த துருவைக் கொண்டுவரும்.

சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம், இங்கே அது உறைந்தாலும் பாதகமில்லை. தோட்டக் கருவிகளுக்கு மெஷின் ஒயில். பழைய என்ஜின் ஒயிலைச் சாப்பாட்டுக் கத்திப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் போடாதீர்கள், தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். விறகடுப்பு உள்ள வீடென்றால் அடுப்புக்கு மேலே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து, வாய் சுவர்ப்பக்கம் பார்க்க மாட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் மழைக்காலத்திலும் இரும்பு காய்ந்தே இருக்கும்.